கிட்டங்கியும் கைத்தொலைபேசியும்

தெல்லிப்பழைக்கு இப்பொழுதெல்லாம் நான் போவது திருவிழாவுக்கு அல்லது செத்தவீட்டுக்கு. 2024 ஆம் ஆண்டு தை மாதத்தில் போனதும் ஓர் அந்தியேட்டிக்காகத்தான். மதியச் சாப்பாடு முடிந்து முற்றத்து வேம்பின் கீழே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தபோது, ஒன்றுவிட்ட தங்கையின் மகன் தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினான்.

“மாமா, நீங்கள் பேப்பரிலை வேலை செய்தனீங்கள். இந்தத் தமிழை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. ‘பங்கு குறைவு’ எண்டு அடிக்கடி காட்டுது. ஆற்றை பங்கு, மாமா?”

ஒப்புநோக்காளனாகத் தொடங்கி நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் குப்பை கொட்டியவன் நான். பிழையான தமிழைக் கண்டால் கை தானாகச் சிவப்புப் பேனையைத் தேடும். ஆனால் அன்று நான் கண்டது இலக்கணப் பிழை அல்ல. ஒவ்வொரு சொல்லும் சுத்தமான தமிழ்ச் சொல்லாகவே இருந்தது. கிட்டங்கியில் சாமான் குறைந்துவிட்டது என்பதைத்தான் அந்தச் செயலி ‘பங்கு குறைவு’ என்று அறிவித்துக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் கையிருப்புக்கும் கொம்பனிப் பங்குக்கும் ஒரே சொல்தான். மொழிபெயர்த்தது மனிதனாக இருந்திருந்தால் எந்த இடம் என்று பார்த்திருப்பான். மொழிபெயர்த்ததோ இயந்திரம். அதே இயந்திரம், சாமான் அடுக்கும் தட்டுகளுக்குக் ‘குப்பைத்தொட்டி’ என்று பெயர் வைத்திருந்தது. குப்பைத்தொட்டி 14 இல் பால்மா இருப்பதாகத் திரை சொன்னது.

இதைக் கண்டு நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவன் மட்டும் சிரிக்கவில்லை. மூன்று மாதமாக அவனுடைய சம்பளத்தில் ஒரு தொகை வெட்டப்பட்டு வருகிறது என்பதை அதன் பிறகுதான் சொன்னான்.

அவன் வேலை செய்வது காங்கேசன்துறை வீதிப் பக்கமாக உள்ள ஒரு விநியோக நிறுவனத்தின் கிட்டங்கியில். நிறுவனத்தின் பெயர் இங்கு அவசியமில்லை. கொழும்பிலிருந்து லொறியில் வரும் சவர்க்காரம், பிஸ்கட், பால்மா முதலியவற்றை இறக்கி அடுக்குவதும், கடைகளின் தேவைக்கேற்ப எடுத்து ஏற்றுவதும் அவனுக்கும் அவனோடு நிற்கும் ஐந்தாறு பேருக்கும் உரிய வேலை. முன்பு கொப்பியில் எழுதினார்கள். இப்போது பெட்டியிலுள்ள கோட்டுக் குறியைத் தொலைபேசியால் படம்பிடித்து, திரையில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். பொத்தான்கள் இரண்டு. ஒன்று ‘களஞ்சியத்திற்கு ஏற்றுக்கொள்’. மற்றது ‘களஞ்சியத்திலிருந்து அனுப்பு’. சிறிய திரையில் இவ்வளவு நீளமான வரிக்கு இடமில்லை. ஆகவே செயலி இரண்டையும் நடுவில் வெட்டி மூன்று புள்ளிகளை வைத்துவிட்டது. முதற் பொத்தானில் ‘களஞ்சியத்தி…’ என்று இருந்தது. இரண்டாவது பொத்தானிலும் ‘களஞ்சியத்தி…’ என்றே இருந்தது.

ஆங்கிலத்தில் இந்த விபத்து நேர்ந்திராது. எங்கிருந்து, எங்கே என்பதைச் சொல்லும் சொல் அம்மொழியில் பெயருக்கு முன்னால் வரும். வாலை வெட்டினாலும் தலை இருக்கும். தமிழில் வேற்றுமை உருபு பெயரின் கடைசியில் நிற்பது. வாலை வெட்டினால் பொருளே போய்விடும். இந்தச் சிறு விடயத்தை அறியாத யாரோ ஒருவர் கொழும்பிலோ வேறெங்கோ இருந்து அமைத்த திரையில், வந்த பால்மாப் பெட்டிகள் சில போனவையாகப் பதிவாகிவிட்டன. கணக்குப் பிழைத்தது. பொத்தானை அழுத்திய விரல் யாருடையது என்பதைச் செயலி துல்லியமாகக் குறித்து வைத்திருந்தது. அந்த விரல் அழுத்தும்போது கண் எதைக் கண்டது என்பதை அது குறித்து வைக்கவில்லை.

மனிதனுக்கும் கருவிக்கும் நடுவிலுள்ள இந்த முகப்பைக் கணினித் துறையினர் ‘இடைமுகம்’ என்கிறார்கள். சொல் புதிது. சங்கதி பழையது. அன்று பின்னேரம் யாழ்ப்பாணம் திரும்பும் பஸ்ஸில் எனக்கு நினைவுக்கு வந்தது, என் பெரிய மாமாவின் சங்கக்கடை.

இலங்கையில் கூட்டுறவு இயக்கம் 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு, கடன் சங்கங்களாகத் தொடங்கியது. இரண்டாம் உலக யுத்தத்தில், 1942 ஆம் ஆண்டு அரிசிக்குப் பங்கீடு வந்தபோதுதான் ஊருக்கு ஊர் கூட்டுறவுப் பண்டகசாலைகள் முளைத்தன. 1957 இல் பலநோக்குச் சங்கங்கள் வந்தன. 1971 அளவில் சின்னச் சங்கங்களையெல்லாம் சேர்த்துப் பெரிய சங்கங்களாக்கினார்கள். என் மாமா மனேஜராக இருந்தது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில். எனக்குப் பத்து வயது இருக்கும். பாடசாலை விட்டதும் நேரே கடையின் பின்கட்டுக்குப் போய்விடுவேன். சாக்கு மணம் இன்றும் எனக்குப் பிடித்த மணம்.

அரிசி லொறி வந்தால் நாட்டாமைமார் இறங்குவார்கள். தமிழ்நாட்டு வாசகர்கள் இந்தச் சொல்லைக் கேட்டு ஆலமரத்தடித் தீர்ப்பை நினைக்க வேண்டாம். எங்கள் நாட்டில் நாட்டாமை என்றால் மூடை சுமப்பவர். ஒரு மூடை ஒன்றரை அந்தருக்குக் குறையாது. அந்தர் என்பது 112 இறாத்தல். வாசலில் ஒருவர் வெண்கட்டியோடு நிற்பார். மூடை அவரைக் கடக்கும்போது கதவுப் பலகையில் ஒரு கோடு விழும். நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது கோடு. முதல் மூடைக்கு யாரும் ‘ஒன்று’ என்று சொல்வதில்லை. ‘லாபம்’ என்றுதான் எண்ணத் தொடங்குவார்கள், நெல் அளப்பவர்கள் செய்வதுபோல. வாயால் எண்ணுவது வீண் சத்தம் அல்ல. சுமப்பவர் எண்ணுவதைக் கோடு போடுபவர் கேட்கிறார், கோடு போடுபவரை மனேஜர் பார்க்கிறார். ஒருவர் தவறினால் மற்றவர் அந்த இடத்திலேயே பிடித்துவிடுவார்.

உள்ளே மூடைகளை அட்டியாக அடுக்குவார்கள். ஒவ்வோர் அட்டியிலும் சணல் நூலில் ஓர் அட்டை தொங்கும். அட்டையில் திகதிக்குப் பக்கத்தில் மூன்று பத்தி: வந்தது, போனது, இருப்பு. பக்கத்திலேயே ஒரு பென்சிற் துண்டும் கட்டியிருக்கும். இவ்வளவுதான் அந்தக் கால இடைமுகம். ஆனால் அதன் சாமர்த்தியத்தைப் பாருங்கள். கணக்கு, சாமான் இருக்கும் இடத்திலேயே இருந்தது. அட்டையில் இருபத்தேழு என்று எழுதியிருந்தால் நிமிர்ந்து பார்த்து இருபத்தேழு எண்ணிக்கொள்ளலாம். பிழையாக எழுதிவிட்டால் அழிக்கக்கூடாது, ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்து வைக்க வேண்டும். பிழையும் தெரியும், திருத்தமும் தெரியும், திருத்தியவரும் தெரியும். கூட்டுறவுப் பரிசோதகர் வந்தால் அட்டையைத்தான் முதலில் புரட்டுவார்.

‘பங்கு’ என்ற சொல்லும் அங்கே இருந்தது. அது அங்கத்தவர் கட்டிய பங்குப் பணம். மாமாவின் மேசைக்குள் பூட்டியிருக்கும் வேறொரு புத்தகம். இருப்புக்கும் பங்குக்கும் வித்தியாசம் பத்து வயதிலேயே எனக்குத் தெரியும். பின்னாளில் வர்த்தகப் பாடநூல் எழுதியவர்கள் கையிருப்பைத் ‘தொக்கு’ என்று ஆங்கில ஒலிப்படியே எழுதி, ‘இறுதித் தொக்கு’ என்று எங்களைப் படிப்பித்தார்கள். ஊறுகாயின் உறவினர்போல் ஒலித்தாலும் அதில் ஒரு நேர்மை இருந்தது. வேறொரு பொருளைச் சொல்லி யாரையும் அது ஏமாற்றவில்லை. கிட்டங்கி என்ற சொல்லே ஊர் சுற்றியதுதான். ஆங்கிலத்தில் புழங்கும் ‘கோடவுண்’ மலாய் வழியாக வந்தது என்றும், அதன் மூலம் தமிழின் கிடங்கும் தெலுங்கின் கிடங்கியும் என்றும் 1886 இல் வெளிவந்த ஹொப்சன்-ஜொப்சன் அகராதி கூறுகிறது. சாமான் போகும் இடமெல்லாம் சொல்லும் போகும். கடன் வாங்குவதில் வெட்கமில்லை. யார் வாயில் புழங்கப் போகிறதோ அவரைக் கேட்டு வாங்க வேண்டும்.

அப்படிக் கேட்டு வாங்கிய ஒருவர் எங்கள் அயலில் இருந்தார். 1816 ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிமார் முதலில் காலூன்றிய இரண்டு ஊர்களில் ஒன்று தெல்லிப்பழை, மற்றது வட்டுக்கோட்டை. தெல்லிப்பழையில் டானியல் பூவர் அந்த ஆண்டே தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைய யூனியன் கல்லூரி. அந்த மிஷனில் 1847 இல் வந்து சேர்ந்தவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மானிப்பாயில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்து இளைஞர்களுக்கு மேலை வைத்தியம் படிப்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் படிப்பித்தவர், இரண்டாம் முறை வந்திருந்த 1860களில் தமிழிலேயே படிப்பிக்கத் தொடங்கினார். உடற்கூறு, இரணவைத்தியம், பிரசவம் எல்லாவற்றுக்கும் தமிழ்நூல் செய்தார். கலைச்சொல்லுக்கு அவர் வைத்த வரிசை எளியது. முதலில் தமிழ்ச் சொல்லைத் தேடு, இல்லையென்றால் சமஸ்கிருதத்தில் பார், அதிலும் இல்லையென்றால் ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுது. நூல்கள் பலவற்றை மொழிபெயர்த்தவர்கள் அவருடைய மாணவர்களே. நோயாளியின் படுக்கையருகே நின்று அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தானே. பிழையான சொல்லால் அங்கே போவது சம்பளம் அல்ல, உயிர்.

சொல்லைப் பற்றி இவ்வளவு. கையைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

நான் பத்திரிகைக்குப் போன காலத்தில் ஈய எழுத்துதான். அச்சுக்கோர்ப்பவரின் முன்னால் சாய்வாக நிற்கும் எழுத்துப் பெட்டியில் நூற்றுக்கு மேற்பட்ட அறைகள் இருக்கும். அவை அகர வரிசையில் இருக்குமென்று நினைத்துப் புதிதாக வருபவர்கள் திண்டாடுவார்கள். அதிகம் தேவைப்படும் எழுத்து கைக்கு அருகில், பெரிய அறையில் இருக்கும். எப்போதாவது வரும் எழுத்து தூரத்து மூலையில், சிறிய அறையில் கிடக்கும். கண்ணுக்குக் குழப்பமான அந்தப் பெட்டி கைக்கு மிகத் தெளிவானது. தேர்ந்த அச்சுக்கோர்ப்பாளர் பெட்டியைப் பார்க்கவே மாட்டார். என்னுடைய கோழிக்கிறுக்கற் கையெழுத்தைப் பார்த்தபடியே, அதைத் திட்டியபடியே, கோர்த்துக்கொண்டு போவார்.

இதே புதிரைத் தட்டச்சுப்பொறியில் அவிழ்த்தவரும் யாழ்ப்பாணத்தவர்தான். சுண்டிக்குளியில் 1886 இல் பிறந்த ஆர். முத்தையா பிழைப்புத் தேடி மலாயாவுக்குப் போய், சிங்கப்பூரில் ஓர் ஆங்கில வர்த்தக நிறுவனத்தில் எழுதுவினைஞராக வேலை செய்தவர். ஆங்கிலத் தட்டச்சுப்பொறி மேசையில் ஓடுவதைத் தினமும் கண்டவருக்குத் தமிழில் ஏன் இல்லை என்ற கேள்வி எழுந்தது. ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்து, தமிழுக்கு 247. பொறியில் உள்ள விசைகளோ ஐம்பதுக்குள். எழுத்துகளை உறுப்புறுப்பாகப் பிரித்துப் பொதுவானவற்றை ஒரே விசையில் ஏற்றினார். அவர் செய்ததில் எனக்கு ஆச்சரியமாகத் தோன்றுவது நகரா விசை. புள்ளிக்கும் விசிறிக்கும் உரிய விசையைத் தட்டினால் குறி தாளில் விழும், ஆனால் உருளை நகராது. அடுத்து மெய்யைத் தட்டினால் அது அந்தக் குறியின் கீழேயே வந்து உட்காரும். எழுதும்போது நாம் ‘ம’ எழுதிப் பிறகு புள்ளி வைக்கிறோம், பொறியில் புள்ளியை வைத்துவிட்டு ‘ம’ அடிக்கிறோம். இடமில்லை என்பதற்காக அவர் தமிழின் வாலை வெட்டவில்லை. இயந்திரத்தின் நடையை மாற்றினார். ஜெர்மனியில் செய்வித்த அந்தப் பொறிகள் பல நாடுகளுக்குப் போயின. ‘யளனகப’ என்று தட்டிப் பழகிய விரல்கள் தமிழ் நிலமெங்கும் எத்தனை ஆயிரம்!

அந்த விசைவரிசையின் பேரப்பிள்ளைதான் பாமினி. தொண்ணூறுகளிலிருந்து ஈழத்துப் பத்திரிகைகளும் புலம்பெயர்ந்தோர் ஏடுகளும் அதிலேதான் தட்டின. தட்டச்சுத் தெரிந்தவர் புதிதாக எதையும் படிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் மட்டும் ‘வணக்கம்’ ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். இந்த வேதனையை என் வயதுப் பத்திரிகையாளர் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். யுனிக்கோட் 1991 இலேயே தமிழுக்கு இடம் கொடுத்தது. அது எங்கள் மேசைக்கு வந்துசேரப் பதினைந்து ஆண்டுகளாவது எடுத்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005 ஆம் ஆண்டு பொங்கலையொட்டிச் ‘செல்லினம்’ என்ற செயலியை வெளியிட்டபோது, கைத்தொலைபேசியில் தமிழில் செய்தி அனுப்பலாம் என்பதை நாங்கள் அதிசயமாகப் பேசிக்கொண்டோம். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் கடையில் வாங்கும் தொலைபேசிகளில் தமிழ் வெறும் கட்டங்களாகத்தான் தெரிந்தது. இலங்கை 2008 இல் தமிழுக்கான தரத்தை வெளியிட்டது. இன்று எழுத்துத் தெரியவில்லை என்று யாரும் முறையிட முடியாது. எழுத்து அழகாகவே தெரிகிறது. சொல்தான் தெரியவில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர், எங்கள் தலைமுறை படிவங்களோடு போராடிய தலைமுறை. விளங்காத மொழியில் வந்த கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வாசிக்கத் தெரிந்தவரைத் தேடி அலைந்த தகப்பன்மாரை நான் கண்டிருக்கிறேன். 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அது காகிதத்தில் எவ்வளவு, கச்சேரியில் எவ்வளவு என்பது வேறு கதை. இப்போது படிவம் காகிதத்திலிருந்து திரைக்குப் போய்விட்டது, கச்சேரியிலிருந்து கொம்பனிக்குப் போய்விட்டது. என் மருமகன் கையில் இருந்தது தமிழ்ப் படிவம்தான். ஆனாலும் அதைத் தூக்கிக்கொண்டு வாசிக்கத் தெரிந்தவரைத் தேடித்தான் அவனும் வேம்படிக்கு வந்தான்.

அவன் எழுத்தறியாதவன் அல்லன். சாதாரண தரம் சித்தியடைந்தவன். அவனுடைய தாய் 1990 ஆம் ஆண்டு ஆனி மாதம் இந்த ஊரைவிட்டு வெளியேறியபோது பத்தொன்பது வயதுப் பெண். தெல்லிப்பழை, காங்கேசன்துறை, மாவிட்டபுரம் என்று வலிகாமம் வடக்கு முழுவதும் வெறுமையானது. பாடசாலைகளும் சங்கங்களும் இடம்பெயர்ந்த இடங்களில் இயங்கின. அவன் பிறந்ததும் படித்ததும் வாடகை வீடுகளில். நிவாரண அட்டையில் குடும்ப அங்கத்தவர் தொகையைச் சரிபார்ப்பதுதான் அவன் படித்த முதற் கணக்கு என்று தங்கை சொல்லுவாள். காணிகள் கட்டம் கட்டமாகவே விடுபட்டன. காங்கேசன்துறைக்கு ரயில் மறுபடி ஓடியது 2015 தையில். இரண்டு கிட்டங்கிகளும் நாலு கடைகளும் ஊருக்கு வந்தது அதற்குப் பிறகு. சொந்த ஊரில் கிடைத்த முதல் நிரந்தர வேலை இது. “கள்ளன் எண்டு பேர் எடுத்துப்போட்டு இந்த ஊரிலை எப்பிடி மாமா இருக்கிறது?” என்று அவன் கேட்டதற்கு என்னிடம் உடனடிப் பதில் இருக்கவில்லை.

படிப்புக் குறைந்தவனுக்குத்தான் எளிய இடைமுகம் வேண்டும் என்பது ஒரு தவறான எண்ணம். 1931 ஆம் ஆண்டு இந்தத் தீவில் சர்வசன வாக்குரிமை வந்தபோது, வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் கொடுத்து நிறப் பெட்டிகளை வைத்தார்கள். கறுப்புப் பெட்டியில் போடுவதா சிவப்புப் பெட்டியில் போடுவதா என்பதில் படித்தவருக்கும் பாமரருக்கும் வித்தியாசம் இருக்கவில்லை. (யாழ்ப்பாணம் அந்தத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. எங்களுக்கு அந்த வாய்ப்பு 1934 இல்தான் கிடைத்தது.) பம்பாயில் 1890களிலிருந்து சாப்பாட்டுப் பெட்டி சுமக்கும் டப்பாவாலாக்கள் மூடியில் தீட்டும் நிறமும் எண்ணும் எழுத்தும் சேர்ந்த குறிகளைப் பற்றி வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஆராய்ந்திருக்கின்றன. அந்தக் குறிகளை உருவாக்கியவர்கள் சுமப்பவர்களேதான். ரயில் நின்று கிளம்பும் சில கணங்களுக்குள் பார்த்து எடுக்கவேண்டியவனுக்கு எது கண்ணில் படும் என்பது அவனுக்குத்தானே தெரியும்.

கோட்டுக் குறியும் சுமப்பவனின் வேலையைக் குறைக்க வந்ததுதான். 1974 ஆம் ஆண்டு ஆனி 26 ஆம் திகதி, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ட்ரோய் நகரக் கடையொன்றில் ஒரு சூயிங்கம் பொதியை முதன்முதலாக அந்தக் கருவி வாசித்தது. இது என்ன சாமான் என்பதைக் கோட்டுக் குறி சொல்லும். வருகிறதா போகிறதா என்பதை அது சொல்லாது. அதைச் சொல்லவேண்டியவன் நாட்டாமை. முழுச் செயலியிலும் மனிதனுடைய தீர்மானம் தேவைப்பட்ட ஒரே இடம் அந்த இரண்டு பொத்தான்கள்தான். அந்த இடத்தில்தான் கண்ணைக் கட்டிவிட்டார்கள்.

மாசி மாதத்தில் நான் அவனோடு கிட்டங்கிக்குப் போனேன். முகாமையாளர் பொல்லாதவர் அல்லர். அவருடைய கணினியில் அதே செயலி ஆங்கிலத்தில், அகன்ற திரையில் ஓடியது. எல்லாம் முழுமையாகத் தெரிந்தது. தொழிலாளரின் தொலைபேசியை வாங்கித் தமிழில் அவர் ஒருநாளும் பார்த்திருக்கவில்லை. பார்த்தார். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். பங்குனியில், அந்தச் செயலியைப் பராமரிக்கும் குழுவைச் சேர்ந்த ஒரு இளம்பெண் வந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் கணினி படித்தவள். அவள் வந்து கேள்வி கேட்கவில்லை. லொறி இறக்குவதைக் காலை எட்டு மணியிலிருந்து மத்தியானம் வரை நின்று பார்த்தாள்.

அவள் குறித்துக்கொண்டவற்றை என்னிடம் காட்டினாள். தொலைபேசி எப்போதும் இடக்கையில். வலக்கை பெட்டியில். ஆகவே அழுத்துவது இடக்கைப் பெருவிரல் மட்டும். பொத்தான்களோ திரையின் வலப்பக்க உச்சியில். வியர்வை ஈரம் பட்டால் திரை விரலை மதிப்பதில்லை, இரண்டு மூன்று தரம் அழுத்துகிறார்கள். கூரை தகரம், உள்ளே அலைவரிசை எட்டாது, சக்கரம் சுழன்றுகொண்டே நிற்க, போகவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்துகிறார்கள், வெளியே வந்ததும் இரண்டும் போய்ச் சேர்கின்றன. முற்றத்து வெயிலில் சாம்பல்நிற எழுத்து தெரிவதே இல்லை. அழுத்தியதைத் திருப்பி எடுக்க வழியில்லை. மாமாவின் அட்டையில் வெட்டி எழுதிக் கையெழுத்து வைக்கும் வழக்கத்தைப் பற்றி நான் அவளிடம் சொன்னேன். அதையும் குறித்துக்கொண்டாள்.

பிறகு அப்பியாசக் கொப்பித் தாளில் திரையளவு கட்டங்களைக் கீறி, அதில் பொத்தான்களை வரைந்து, ஒவ்வொருவரிடமும் கொடுத்து, லொறி வந்துவிட்டது, எதை அழுத்துவீர்கள் என்று கேட்டாள். தாளை விரலால் அழுத்துவது முதலில் அவர்களுக்குச் சிரிப்பாக இருந்தது. சொற்களை அவர்களே சொன்னார்கள். ஏற்றுக்கொள்ளலும் அனுப்புதலும் போய் ‘வந்தது’, ‘போனது’ என்று ஆயின. தொடக்கமே வேறுபடுவதால் எங்கே வெட்டினாலும் மாறாது. குப்பைத்தொட்டி ‘தட்டு’ ஆனது. பங்கு ‘இருப்பு’ ஆனது. மாமாவின் அட்டையில் இருந்த அதே மூன்று சொற்களில் போய் முடிந்ததை நான் மட்டுமே கவனித்தேன். அறுபது வருடத்துக்கு முந்திய அட்டையை அவர்களில் ஒருவரும் கண்டதில்லை.

ஒரு சொல்லுக்கு மட்டும் சண்டை வந்தது. ‘சேதமடைந்தவை’ என்று பழைய செயலியில் ஒரே ஒரு பொத்தான்தான். வயதில் மூத்த ஒருவர் அதை ஏற்கவே மாட்டேன் என்றார். உடைந்தது வேறு, திகதி முடிந்தது வேறு. உடைந்தால் சுமந்தவர்தான் பொறுப்பு. திகதி முடிந்தால் அனுப்பியவர்தான் பொறுப்பு. இரண்டையும் ஒரே பெயரில் போட்டால் கடைசியில் இரண்டும் எங்கள் தலையில்தான் விழும் என்றார். அந்தப் பிள்ளை எழுந்து வெளியே போய்க் கொழும்போடு வெகுநேரம் பேசிவிட்டு வந்து, இரண்டு பொத்தான்களாகப் பிரித்து வரைந்தாள்.

ஆனி மாதத்தில் புதிய திரை வந்தது. நான் போய்ப் பார்த்தேன். கீழே இடப்பக்கத்தில் பச்சையாக ‘வந்தது’, வலப்பக்கத்தில் நீலமாக ‘போனது’, இரண்டும் பெருவிரல் எட்டும் தூரத்தில். அழுத்தியதும் தொலைபேசி ஒருமுறை அதிர்ந்து எண்ணிக்கையை உரத்துச் சொல்கிறது. அலைவரிசை இல்லாவிட்டால் தனக்குள் வைத்துக்கொண்டு பிறகு அனுப்புகிறது. பிழைத்தால் திருத்தலாம், திருத்தியவர் பெயரோடு பழையதும் இருக்கும். எண்ணிக்கை ‘ஒன்று’ என்று தொடங்குவது மட்டும் மூத்தவருக்குப் பிடிக்கவில்லை.

வெட்டிய சம்பளத்தைத் திருப்பிக் கேட்டு என் மருமகன் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினான். வரைவை என்னிடம் காட்டினான். இரண்டு இடத்தில் சந்தி திருத்தியதைத் தவிர நான் அதில் கை வைக்கவில்லை. தான் கண்ட பொத்தான்களைக் கண்டபடியே, ‘களஞ்சியத்தி…’ என்று மூன்று புள்ளிகளோடு இரண்டு தரம், ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதியிருந்தான். பழைய செயலி எல்லாத் தொலைபேசியிலிருந்தும் அழிக்கப்பட்டுவிட்டதால் அந்தத் திரையைக் காட்ட அவனிடம் வேறு சாட்சியம் இல்லை. கடிதம் பதிவுத் தபாலில் போனது. பதில் இன்னும் வரவில்லை.